வீட்டில் ஒருவரும் பாக்கியில்லாமல்

கருப்பாத்தாளின் கை தாராளம் என்பது சென்னிமலையில் அந்தத் தறிக்காரத் தெருவுக்கே தெரியும். ரசம் வைத்தால்கூடப் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போய்விடும். களையெடுக்கும் குடும்பத்தில் பிறந்து, அரைவயிற்றோடு வளர்ந்தவள். கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் தறியில் ஓடும் நாடாவுக்கு நூல் சுற்றப் பழகினாள். தனக்கு ஒன்று கிடைத்தால் அடுத்தவளுக்கும் கிடைத்தாக வேண்டும் அவளுக்கு.

"இவளுக்குக் காச்சல் வந்தாலும் பாதியப் பக்கத்தூட்டுக்குக் குடுத்துபோடுவா" என்று புருசன் அங்கப்பன் பெட்சீட் நெய்துகொண்டே கேலி பேசுவான்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் வெள்ளச்சி என்கிற பூனை. செல்லத்துக்கு வளர்த்ததல்ல. பாவு நூலில் போட்ட அரிசிக் கஞ்சி வாசத்துக்கு எலி வரும்; ஓர் இரவு விட்டால் போதும், ஒரு மாதத்துப் பிழைப்பைக் கடித்துத் துப்பிவிட்டுப் போய்விடும். தறி இருக்கும் வீட்டில் பூனையும் ஒரு வேலையாள்தான்.

தொண்ணூற்று நாலாம் வருச மழைக்காலத்தில் வெள்ளச்சியின் காது மடலில் சாம்பல் நிறத்தில் சொறிப் பக்கு கட்டியது. பிறகு நெற்றிக்கு இறங்கி, கண்ணைச் சுற்றிக்கொண்டது. பின்னங்காலால் ரத்தம் வரச் சொறிந்தது. கொஞ்ச நாளில் கருப்பாத்தாளுக்கும் அங்கப்பனுக்கும் முழங்கையில் அரிப்பு எடுத்தது.

கருப்பாத்தாள் காலி பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு தர்மாஸ்பத்திரிக்குப் போனாள். நர்சம்மா அவள் முழங்கையைப் பார்த்துவிட்டு, அதில் வெள்ளை மருந்தை நிரப்பிக் கொடுத்துச் சொல்லி அனுப்பினார்: "ஊட்டுல ஒருத்தரு பாக்கியில்லாம எல்லாரும் தேச்சுக்கோணும். ஒருத்தர உட்டாலும் மறுக்கா வந்துரும்."

வீட்டில் எல்லாரும் என்றால் யார்? அவர், நான், வெள்ளச்சி. கருப்பாத்தாளின் கணக்கு அப்படித்தான் போனது. பூனைக்கென்று தனி வைத்தியம் பார்க்கப் போனால் செலவு எங்கே போய் நிற்குமோ என்று பயந்திருந்தவளுக்கு, காசில்லாமல் மருந்து கிடைத்ததே என்று மனசு குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வெள்ளச்சியைப் பிடித்து, தலையிலிருந்து வால்வரை மருந்தைத் தேய்த்துவிட்டாள். அதோடு நிற்குமா அந்தக் கை? பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து தனியாள். அவளுக்குத் துணை என்றால் ராசா என்கிற கடுவன் பூனை ஒன்றுதான். அதன் காதிலும் இதே பக்கு. பாதி மருந்தை இன்னொரு பாட்டிலில் ஊற்றி மதில்மேல் நீட்டினாள்.

"வாலு வரைக்கும் நல்லாத் தேச்சு உடு அம்மணி. ஓசி மருந்துதான்."

"உங்களுக்குப் புண்ணியமா போகுமுங்கக்கா" என்று வாங்கிக்கொண்டாள் பாத்திமுத்து.

உச்சி வெயிலில் வெள்ளச்சி தறிக்குழி ஓரம் வந்து விழுந்தது. வாயில் நுரை. கால்கள் இழுத்துக்கொண்டன, உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கியது. கருப்பாத்தாள் அதை வாரி எடுத்தாள். நூல் கூடையில் சாக்கைப் போட்டு, அதில் பூனையைக் கிடத்தி, மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். மாடும் ஆடுமாக நின்ற கூட்டம் கூடையைப் பார்த்துச் சிரித்தது. டாக்டர் பாலகோபால் சிரிக்கவில்லை. பூனையை மோந்து பார்த்தார்.

"என்னத்தத் தேச்சீங்க?"

அவள் சொன்னாள்.

"ஐயோ! மனுசத் தோலுக்கு அது நல்ல மருந்துதானுங்க. பூனைக்கு வெசம். நக்கி நக்கியே உள்ள ஏத்திக்குமே!"

ஊசி போட்டு, இளம் வெந்நீரில் சோப்புப் போட்டு மருந்தெல்லாம் போகக் கழுவினார். துவட்டித் துணியில் சுற்றினார். நடுக்கம் மெல்ல அடங்கியது.

"பொழைச்சுக்குமுங்க. நேரத்தோட கொண்டாந்தீங்க" என்றவர், ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். "இது தேறினப்புறம் இந்தக் கந்தகக் களிம்பு போதும். பக்கு ஊறத் தேங்காயெண்ணெய் தடவி, மெதுவா எடுத்துப்போட்டு, மேல லேசாப் பூசுங்க. காயற வரைக்கும் நக்க உடாம மடியில புடிச்சுக்கோங்க. படுக்கிற சாக்கை வெந்நியில போட்டு அலசுங்க. ஒரு டீ குடிக்கிற காசுதானுங்க இதுக்கு."

டீக்காசா! இதற்கா இத்தனை பயந்தோம் என்று நினைத்த அதே நொடியில் அவளுக்கு மதில் ஞாபகம் வந்தது. நீட்டின பாட்டில் ஞாபகம் வந்தது.

"சாமி, இத ஒரு நிமிசம் பாத்துக்கோங்க, வந்தர்றேன்" என்று கூடையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். தேர்வீதியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை. இன்னும் தேய்த்திருக்க மாட்டாள், கையில் வேலை இருந்திருக்கும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருப்பாள் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பாத்திமுத்து வாசலில் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் அந்த பாட்டில்.

"ராசா போயிட்டானுங்கக்கா" என்றாள். "நீங்க மருந்து குடுத்தும் எனக்குக் குடுத்து வெக்கலீங்க. சீக்கு முத்திப்போச்சாட்ட இருக்குது. நாந்தேன் நேரத்தோட பாக்காம உட்டுபோட்டேன்." பாட்டிலை நீட்டினாள். "மிச்சம் இருக்குதுங்க. வெள்ளச்சிக்காச்சும் ஆகும்."

கருப்பாத்தாளின் கை பாதி நீண்டது. தலையாட்டி வாங்கிக்கொண்டால் போதும். ஒரு குஞ்சுக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இவள் 'நாந்தேன்' என்கிறாளே! அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீயில்ல கண்ணு" என்றாள். கையை இழுத்துக்கொண்டாள். "நீயில்ல. இந்த மருந்துதான் கொன்னுபோட்டுது. பூனைக்கு இது வெசமாம். தெரியாமக் குடுத்துபோட்டேன்."

பாத்திமுத்து பாட்டிலைப் பார்த்தாள். பிறகு தன் கைகளை விரித்துப் பார்த்தாள். விரலிடுக்கில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது.

"அசையாம மடியில படுத்திருந்தானுங்கக்கா, நான் தேச்சு முடிக்கிற வரைக்கும்" என்றாள்.