ரேடியேட்டரில் ரப்பர் பால்

"படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?" என்று கேட்டார் சேகர் அண்ணே. ஈப்போவில் நான் வேலை பார்க்கும் கார் பட்டறையின் முதலாளி அவர். அவர் கேட்டதில் தப்பில்லை, நீங்களும் அதையேதான் கேட்கப்போகிறீர்கள். பேய், அருள்வாக்கு, காத்து கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, சின்ன வயதிலிருந்தே கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான், பாலிடெக்னிக்கில் வாகனத் தொழில்நுட்பம் படித்து டிப்ளோமா வாங்கியதும் நான்தான், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. புதுக் கார் வாங்கினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்களே, அதைப் பார்த்தால்கூட, சாறு பிழிந்து குடித்தாலாவது தாகம் தீருமே என்று சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்குகிறவள் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

அந்தக் கார் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. என்னைவிட வயதான கார். பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் சரோஜா அக்கா, பக்கத்து இருக்கையில் அவருடைய கணவர் மணியம் அண்ணே, கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கோலா கங்சாருக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டமாக இருந்த ஓர் இடத்தில் வீடு. அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ஈப்போவுக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும், அந்தக் காரை விட்டால் வேறு வழி இல்லை.

"தண்ணி எங்க போவுதுன்னே தெரியல மா," என்றார் அக்கா. "காலையில ரொப்புறேன், சாயந்தரம் காஞ்சி கெடக்கு. கீழ ஒரு சொட்டு இல்ல. போன வாரம் ஹைவேல நின்னுட்டோம், இவருக்கு வேர்த்துக் கொட்டி, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாளன்னிக்கு மறுபடியும் வரணும். ஒரு தடவ தவறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சிரும்."

"கவலப்படாதீங்க கா, வியாழக்கிழமைக்குள்ள கார் ரெடி," என்று நான் சொல்லிவிட்டேன், முதலாளியைக் கேட்காமலேயே. அவர்கள் தெரிந்த ஒருவரின் வேனில் ஏறிப் போன பிறகு சேகர் அண்ணே சிரித்தார். "வாக்கு குடுத்தவ நீதானே, நீயே பாரு லா. இந்தக் கார்ல கம்ப்யூட்டர் சொருவ எடம்கூட இல்ல. நீ என்னத்த படிச்சேன்னு பாப்போம்."

எனக்குக் கோபம் வந்தது. இஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் வாயில் பிரஷர் பம்பை மாட்டிக் காற்று ஏற்றினேன். இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் எங்காவது கசிந்தால் பம்பின் முள் இறங்க வேண்டும், அரை மணி நேரமும் அது அசையவே இல்லை. குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தேன், தண்ணீர் பம்புக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தேன், முன்னிருக்கைக் கம்பளம் ஈரமா என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. கடைசியில் பச்சைக் கூலண்டைப் புதிதாக என் கையாலேயே ஊற்றி நிரப்பி, மூடியைத் திருகி, பானெட்டை இறக்கிப் பட்டறையைப் பூட்டினேன். அன்று பூட்டியவள் நான், மறுநாள் திறந்தவளும் நான். பழக்க தோஷத்தில் காரின் சாவியையும் சட்டைப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். வாசலைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறது, அதையும் பின்னால் ஓட்டிப் பார்த்தோம், ஒரு பூனையைத் தவிர யாரும் வரவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணி, நல்ல வெயில். மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. பச்சை இல்லை, வெள்ளை, கழுத்து வரைக்கும் தளும்பிக்கொண்டு.

சேகர் அண்ணே எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆயில் கலந்திருச்சி. ஹெட் காஸ்கெட் போச்சி. இஞ்சினப் பிரிச்சாகணும், ஒரு வாரம் ஆகும். இந்தப் பழைய இரும்பு அத தாங்குமான்னும் தெரியல. அக்காவுக்கு போன் போட்டு கார் ரோசாக், இனி ஓடாதுன்னு சொல்லிடு, வேற கார் பாக்கச் சொல்லு."

அவர் சொன்னது பாடப் புத்தகத்தில் உள்ளதுதான், கூலண்ட் வெளுத்தால் எண்ணெய் கலந்திருக்கும். ஆனால் எனக்கு அந்த வாசம் தெரியும். என் அம்மா ரப்பர் மரப் பட்டையை வெட்டிப் பால் எடுத்தவர். அவர் துணியில், தலைமுடியில், எனக்குச் சோறு பிசைந்து தந்த கையில் எல்லாம் அந்த வாசம் இருந்தது. இடைநிலைப் பள்ளியில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கத்திலிருந்து எழுந்து போனாள், அன்றையிலிருந்து நான் என் சீருடையைத் தனியாகத் துவைத்துக்கொண்டேன். அதை மறக்கவா முடியும்? விரலை விட்டு எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தேன். எண்ணெய் என்றால் வழுக்கும். இது நூலாக இழுபட்டது, காய்ந்து மெல்லிய தோலாக உரிந்து வந்தது.

"அண்ணே, இது ஆயில் இல்ல. ரப்பர் பாலு."

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார், படிச்ச புள்ள பேசுற பேச்சா என்று. நான் விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். முகர்ந்தார். பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

சரோஜா அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, ரேடியேட்டர்ல பாலு ஊத்துனீங்களா?"

"பாலா? என்னா மா சொல்ற, மாட்டுப் பாலா?"

"இல்ல கா, ரப்பர் பாலு."

அக்கா மெதுவாகச் சொன்னார். "என் மாமனாரு அப்படித்தான் செய்வாரு. தோட்டத்து லோரி ஓட்டுனவரு. ரேடியேட்டர் ஒழுவுச்சின்னா மரத்துல மாட்டுற மங்குல ஒண்ணு நெறைய பாலு ஊத்துவாரு, சூடு ஏறினதும் அது எறுகி ஓட்டைய அடச்சிக்கும். இந்தக் காரும் அவரு வாங்குனதுதான். ஆனா அவரு போயி பன்னெண்டு வருசம் ஆச்சே மா. ரப்பர் மரமெல்லாம் சாச்சிட்டு எண்ணெய்க்கு செம்பனை நட்டாச்சி. பாலுக்கு நான் எங்க போவேன்?"

எனக்கு நிலைகொள்ளவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மரத்திலிருந்து எடுத்த பால் வெளியே இருந்தால் அரை நாளில் திரிந்து கட்டியாகிவிடும், இதுவோ அப்போதுதான் வடித்த மாதிரித் தண்ணியாக இருந்தது. யார் ஊற்றினார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றால் வியாழக்கிழமை வந்துவிடும். சரி, ஊற்றியவர் ஊற்றட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு இஞ்சினை முடுக்கினேன். டெம்பரேச்சர் முள் பாதிக்கு ஏறியது. கைவிளக்கையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு இஞ்சினுக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். அங்கே ஹீட்டருக்குப் போகும் இரும்புக் குழாய் ஒன்று உண்டு. நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் போடுகிறார்கள், அதனால் அந்தக் குழாயை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை, நானும் முதல் நாள் கை எட்டிய இடத்தோடு நிறுத்திவிட்டேன். அது என் தப்பு.

துருப்பிடித்த அந்தக் குழாயின் அடிவயிற்றில் ஒரு வெள்ளை முத்து. என் கண் முன்னாலேயே அது மெல்லப் பெருத்தது, மஞ்சளாக இறுகியது, கசிவு நின்றது. இஞ்சினை அணைத்து, ஆறியதும் நகத்தால் கிள்ளி எடுத்தேன், ரப்பர். அதற்கு அடியில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. சூடு ஏறினால்தான் திறக்கும், கசிகிற தண்ணீர் சூடான இரும்பிலேயே காய்ந்துவிடும், தரைக்கு எப்படி வரும்? தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. பால் எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் இன்றுவரை இல்லை.

குழாயை மாற்றினேன். ரேடியேட்டரையும் இஞ்சினையும் நான்கு முறை அலசினேன், இறுகிப்போன ஒட்டுப்பால் துண்டு துண்டாக வந்து விழுந்தது. தெர்மோஸ்டாட்டும் புதிது. கூலண்ட் நிரப்பி, அன்று சாயந்தரமே நானே கோலா கங்சார் வரைக்கும் ஓட்டிப் பார்த்து, முள் பாதியைத் தாண்டவில்லை என்று உறுதியான பிறகு அக்கா வீட்டு வாசலிலேயே சாவியைக் கொடுத்தேன். மணியம் அண்ணே வெளியே வந்து பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா கார யாரையும் தொட விடமாட்டாரு, உன்ன விட்டுட்டாரு போல," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நேற்று மத்தியானம் அக்கா போன் போட்டார்.

"கார் நல்லா இருக்கு மா. சூடும் ஏறல, தண்ணியும் கொறையல. ஆனா சும்மா மூடியத் தொறந்து பாத்தேன். திரும்பவும் வெள்ளையா இருக்கு மா. நாளைக்கு இவர ஏத்திட்டுப் போலாம்ல?"

எந்தப் பரீட்சையில் கேட்டாலும், முள் சரியாக இருந்தால், தண்ணீர் குறையாவிட்டால், போகலாம் என்றுதான் நான் எழுதியிருப்பேன். "எடுக்காதீங்க கா," என்றேன். "நான் வாரேன்."

இன்று காலை என் காரில் மணியம் அண்ணனை டயாலிசிஸுக்குக் கொண்டுவந்து விட்டேன். அவர்களுடைய காரை இழுவை லோரியில் ஏற்றிப் பட்டறைக்கு வரவழைத்தேன். ரேடியேட்டரின் கீழ் ரப்பர்க் குழாயில், அதைக் கவ்வும் இரும்புப் பட்டைக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வெள்ளை முத்து இருந்தது. குழாயைக் கழற்றித் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன், காற்று ஏற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். ஓட்டை இல்லை, வெடிப்பு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை.

"நல்ல குழாயப் போயி எதுக்கு மாத்துற?" என்று கேட்டார் சேகர் அண்ணே. "ஓட்ட விழறதுக்கு முன்னாலயே பெரியவரு சொல்லிட்டாரு அண்ணே," என்றேன். புதுக் குழாயைப் பூட்டிவிட்டேன்.