மூன்றாவது சிலிண்டரும் அரிக்கும் கைகளும்

கம்ப்ரஷன் குறைந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக்குக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியாதவர்கள் உங்களில் இருந்தால், இது உங்களுக்காகத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பார்த்தேன். முதலாளியை நாங்கள் பத்ரோன் என்றுதான் சொல்வோம். தமிழர்தான், ஆனால் கோபம் வந்தால் முதலில் பிரெஞ்சு வரும்.

கட்டைவிரல்

முதலியார்பேட்டை சவரிநாதன் ஒரு வாடகைக்கார் வைத்திருந்தார். மதராஸில் நாலு கை மாறி வந்த பழைய வண்டி. திண்டிவனத்தில் ரயில் பிடிக்கிறவர்களைக் கொண்டுபோய் விடுவதுதான் அவர் பிழைப்பு. ஒருநாள் காலை, வண்டி இழுக்கவே மாட்டேனென்கிறது என்று வந்து நின்றார்.

இஞ்சின் ஆறட்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, பிளக் இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, அவரை முன்னால் ஹேண்டிலைச் சுற்றச் சொன்னேன். நல்ல சிலிண்டர் என்றால் உள்ளே அமுங்கும் காற்று விரலைத் தள்ளிவிடும்; அதுதான் கம்ப்ரஷன். ஒன்றும் இரண்டும் நாலும் தள்ளின. மூன்றாவது பேசாமல் கிடந்தது. நம்பிக்கை வராமல் "சுத்துங்க, சுத்துங்க" என்று அவரை விரட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் ஹேண்டிலை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மேஸ்திரி, இப்ப எனக்கே கம்ப்ரஷன் போயிடுச்சி."

எண்ணெய்

காரணம் பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங்கா, காற்றை விட்டு மூடும் வால்வா என்று பிரித்துப் பார்க்காமலே சொல்ல ஒரு சோதனை உண்டு. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். கம்ப்ரஷன் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. ஒரு கரண்டி போதும். நான் குவளையையே சாய்த்துவிட்டேன். அவ்வளவு எண்ணெய் விட்டால் எந்தச் சிலிண்டரும் விரலைத் தள்ளத்தான் செய்யும். "ரிங்குதான்!" என்று பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

மதராஸிலிருந்து ரிங் வந்தது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனை உருவினால், பழைய ரிங் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. வால்வைப் பார்த்தேன், ஆறிக் கிடந்த இஞ்சினில் அதுவும் ஒழுங்காக மூடியிருந்தது. வேறு வழியில்லாமல் புது ரிங்கைப் போட்டு மூடினேன். பத்ரோன் பழைய ரிங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரெஞ்சு வந்தது. பிறகு தமிழும் வந்தது.

"இன்னொரு தடவ காரணம் தெரியாம ஒரு இஞ்சினைப் பிரிச்சே, அன்னிக்கே வேற எடம் பாத்துக்க."

கோரிமேடு

வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். என்னைச் சேர்த்துக்கொள்ள ஊரில் வேறு பட்டறையும் இல்லை. இந்த வண்டி ஓடியே ஆக வேண்டும். ஆறின இஞ்சினில் விரல் வைத்துப் பார்த்தேன், நாலும் தள்ளின. தலைகால் புரியாமல் சவரிநாதனையும் ஏற்றிக்கொண்டு கோரிமேட்டுக்குக் கிளம்பினேன்.

மேடு ஏறும்போதே வண்டி திணறியது. மேலே சுங்கச் சாவடி. அதற்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் எல்லை. இஞ்சினை நிறுத்தினால்தான் வண்டியைச் சோதனை போடுவார்கள். நிறுத்தினோம், அத்தோடு சரி. ஹேண்டிலை எவ்வளவு சுற்றியும் உயிர் வரவில்லை. சுங்கக்காரர்கள் சொல்லாமலே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்கு இது பழகிப்போயிருந்தது. தள்ளி முடித்ததும் அவர்களில் மூத்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"போன வாரம் நாலு பேரு தள்ளினோம், இன்னிக்கு மூணு பேரே போதும். வைத்தியம் பலிக்குது, மேஸ்திரி."

அந்துவான்

என்னோடு வேலை செய்த அந்துவான் நிதானமே உருவானவர். அவர் ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் நான் நாலு கழற்றி இரண்டைத் தொலைத்திருப்பேன். வண்டி திரும்பி வந்ததும், "ஆற வுடாத. சூட்டோட கேளு" என்று சொல்லிவிட்டு ஹேண்டிலை மெள்ள மெள்ளச் சுற்றினார். நான் பின்னால் சைலென்சர் குழாயில் காதை வைத்துக் குந்தியிருந்தேன். கால் மரத்தது, எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. மூன்றாவது சிலிண்டர் முறை வந்தபோது குழாயில் 'உஸ்' என்று கேட்டது. காற்று, புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் வால்வு வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

என் கை நேராக ஹெட்டுக்குப் போனது. அந்துவான் தட்டிவிட்டார். இஞ்சினின் பக்கவாட்டு மூடியை மட்டும் கழற்றினோம். வால்வுக்கும் அதைத் தூக்கிவிடும் டாப்பட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் வால்வின் தண்டு நீள்வதற்கு விடுகிற இடம் அது. மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்தோம், நுழையவில்லை. சூடானால் வால்வு மூட வழியே இல்லை. அந்த இடைவெளியை இறுக்கியவன் நான்தான். முந்தின மாதம் எண்ணெய் மாற்ற வந்த வண்டியில் டாப்பட் 'டக் டக்' என்றது. எனக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் இறுக்கி அடக்கினேன்; மூன்றாவதில் கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. இதை அந்துவானிடம் சொன்னேன்.

"சரியா வெச்சிட்டு வாயை மூடிக்க, அதையாவது உன்னால செய்ய முடியுதான்னு பாப்போம்."

டக் டக்

இடைவெளியைச் சரியாக வைத்தோம். சவரிநாதன் கோரிமேடு போய்த் திரும்பினார். சாவடியில் ஒரே சுற்றில் கிளம்பியதாம். பத்ரோன் வெளியே வந்து என்ன கோளாறு என்று கேட்டார். "டாப்பட்டு, முசியே. இஞ்சினைப் பிரிக்கல" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பினார். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து சவரிநாதன் பானெட்டில் காதை வைத்தார். "நல்லா இழுக்குது மேஸ்திரி. ஆனா டக் டக்னு திரும்ப வந்துடுச்சே. போன மாசம் நீங்க இறுக்கி அடக்கிக் குடுத்தீங்களே, அதே மாதிரி செஞ்சி குடுத்துடுங்க" என்றார், வெள்ளை மனசோடு.

பத்ரோன் நின்றுவிட்டார். அந்துவான் கூரையைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஸ்பானரை மேஜைமேல் வைத்தேன். பத்ரோனுக்கு அன்று பிரெஞ்சுகூட வரவில்லை. ஸ்பானரை எடுத்து அந்துவானிடம் கொடுத்தார்.

"உன்னை வெளிய வுட்டா ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் பிரிச்சிடுவே, இங்கயே இரு, மூணு மாசத்துக்கு எதையும் தொடாத, காதால கேட்டு மட்டும் சொல்லு."

அந்த மூன்று மாதத்தில் எங்கள் பட்டறையை விட்டுப் போன வண்டி ஒன்றுகூடக் கோளாறு என்று திரும்பி வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.