குப்பைத்தொட்டிப் பொத்தான்

கிளிக் சத்தம் அடங்குவதற்குள் துளசிராமன் கேமராவைத் திருப்பி நம் மூக்குக்கு நேரே நீட்டிவிடுவார். “பாரு நைனா, எப்டி வந்துகீதுன்னு! கண்ண மூடிகினியா? இந்தக் குப்பத்தொட்டிய அமுக்கு, பூடும். டப்பே செலவில்ல.” டீக்கடைக்காரர், தாசில்தார், காதுகுத்துக்கு வந்த தாய்மாமன் என்று எல்லோருக்கும் இதே பாடம்தான்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஸ்டூடியோ. கூடவே ஒரு மாலைப் பத்திரிகைக்கு இந்த வட்டாரத்து நிருபர், போட்டோகிராபர் எல்லாம் அவரே. ஐம்பது வயது, சஃபாரி சட்டை, பேசும்போது ஒரு கண்ணைச் சுருக்குவார். போன வருஷம், 2005-இல், டிஜிட்டல் கேமரா வாங்கியதும் பழையதைப் பரணில் போட்டுவிட்டார்.

பிலிம் காலத்தில் ஆளுக்குத் துணிச்சல் அதிகம். ஆலையில் விபத்து என்றால் எப்படியோ உள்ளே நுழைந்துவிடுவார். வாசலில் காவலர் பிடித்தால், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு புது ரோல் ஒன்றைக் கொடுப்பார். எடுத்த ரோல் சாக்ஸுக்குள் இருக்கும். “அவன் கழுவிப் பாக்கறதுக்குள்ள பேப்பர்ல வந்துடும்” என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

போன மாதம் இரும்பு உருக்காலை ஒன்றில் உலை வெடித்து, ஒப்பந்தத் தொழிலாளி ஜெகன் செத்துப்போனான். உலையடியில் கிடந்த உடலைத் துளசிராமன் படமெடுத்துவிட்டார். வாசலில் செக்யூரிட்டி ஆபீசர் ரோல் எதுவும் கேட்கவில்லை. கேமராவை வாங்கி, குப்பைத்தொட்டிப் பொத்தானை அமுக்கி, ஒவ்வொரு படமாக அழித்தார். ஆயுதபூஜைக்கு அந்த ஆலையில் படமெடுக்கப் போனபோது அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நம்மாள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

அழித்ததை மீட்கலாம் என்று சென்னையில் யாரோ சொன்னார்கள். அதற்குள் அதே கார்டில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா முழுவதையும் எடுத்து நிரப்பியிருந்தார். ஆலைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஜெகன் ரோட்டில் அடிபட்டுச் செத்ததாக, கவிழ்ந்த பைக்கின் படத்தோடு பத்திரிகை ஆபீசுக்கு விபத்தன்றே நேராக இமெயில் போய்விட்டது. இவர் போனில் தொண்டை கிழியக் கத்தினார். “உங்ககிட்ட படம் இருக்கா சார்?” என்று கேட்டார்கள். இல்லை. ‘சாலை விபத்தில் வாலிபர் பலி’ என்று அன்று மாலையே வந்துவிட்டது.

நேற்று ஜெகனின் மனைவி சுமலதா ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஆலைக்குள்தான் செத்தான் என்று நிரூபித்தால்தான் அவளுக்கு நஷ்டஈடு. கலெக்டருக்கு எழுதிய மனுவை மேசைமேல் விரித்து, தன் பேனாவையும் திறந்து நீட்டினாள். வழக்கம்போல அரட்டைக்கு வந்த நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

“நீ பாத்தத எழுதிக் கையெழுத்துப் போடுண்ணா. அது போதும்.”

“படம் இல்லாம நான் சொன்னா எவம்மா நம்புவான்?”

“நீ பாத்தியா, இல்லியா?”

“பாத்தேன்.”

“அப்போ போடு.”

ஸ்டூடியோவுக்கு வரும் வேலையில் பாதி ஆலை விழாக்கள்தான் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். துளசிராமன் பேனாவை வாங்கினார். மூடியைப் போட்டு, அதை மனுவின் மேல் வைத்து, இரண்டையும் அவள் பக்கமாக மெல்ல நகர்த்தினார்.