புயலுக்கு அடித்த தமுக்கு

எங்கள் ஊர் ஆண்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. புயல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதுகூடத் தெரியும். மேட்டூரில் வெள்ளைக்காரன் அணையைக் கட்டித் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து அடைத்து வைத்திருக்கிறானாம். குடியானவனுக்குக் கொழுப்பு ஏறினால் கொஞ்சம் திறந்து விடுகிறானாம். இப்படி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வாய் கிழியப் பேசியவர்களில் முதல் ஆள் என் மாமனார். மேட்டூர்ப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. நாமக்கல் சந்தைக்குப் போய்வந்தால் போதும், இந்த மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து இறக்குவார்.

சர்க்கார் மட்டும் என்னத்தைக் கிழித்தது? யுத்த காலத்தில் முதலில் ஒரு புயல் வந்ததே, அதற்கு அவர்கள் தமுக்கு அடித்தது புயல் போன பிறகு. தென்னைகள் எல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன, எங்கள் கூரை ஓலை அடுத்தவன் காட்டில் கிடக்கிறது, அப்போது தலையாரி வந்து, “பெரும் புயல் வரப்போகுதுங்க, எல்லாரும் சாக்கிரதையா இருங்க சாமி” என்று அடித்துவிட்டுப் போனான். தந்தி தாலுகா ஆபீஸ் மேசையில் தூங்கிவிட்டதாம்.

அதற்கப்புறம் சேதம் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். மணியக்காரர் வீட்டில் கோழிக் குழம்பு சாப்பிட்டார். என்ன போயிற்று என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. நனையாமல் தப்பிய நெல் யார் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டார். யுத்தத்துக்கு நெல் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. சாப்பாட்டுக்கும் விதைக்கும் போக மிச்சத்தைச் சர்க்காருக்குக் கொடுத்துவிட வேண்டும், ஒளித்தால் குற்றம். அதனால் ஊரில் ஒளித்து வைக்காத வீடு கிடையாது. எங்கள் வீட்டுப் பின்னறையில் பெரிய நெற்குதிர் ஒன்று இருந்தது. அதை மறைத்து மாமனார் அவசர அவசரமாக ஒரு மண்சுவர் வைத்தார். அஸ்திவாரம் கிடையாது. கொத்தனைக் கூப்பிட்டால் ரகசியம் போய்விடும் என்று அவரே பிசைந்து அவரே அப்பிய சுவர்.

அடுத்த ஐப்பசியில் மறுபடியும் தமுக்கு. இந்தத் தடவை சர்க்காருக்கு எப்படியோ புத்தி வந்து முன்கூட்டியே அடித்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் காற்று வரும், ஆற்றோரத்து மண்வீட்டுக்காரர்கள் எல்லாரும் மேட்டிலிருக்கிற கல்மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்றான் தலையாரி. கிழக்கே வானம் கன்னங்கரேல் என்று கிடந்தது.

“போன தடவ காத்து அடிச்சப்ப வாராத தமுக்கு, இப்ப எலகூட அசையாதப்ப ஏனுங்க வருது?” என்றார் மாமனார். “ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போட்டு, உள்ள பூந்து நெல்லைத் துழாவறதுக்குத்தான்.”

சுற்றி நின்றவர்கள் “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டினார்கள். ஒருத்தனாவது தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தானா? இல்லை. பெண்டு பிள்ளைகளும் ஆடுமாடும் மண்டபத்துக்குப் போவது, வீட்டுக்கு ஓர் ஆள் நெல்லுக்குக் காவல் இருப்பது என்று முடிவு செய்தார்கள். எங்கள் வீட்டுக்கு என் புருஷன். மாமனாருக்கு முழங்கால் வலியாம், அவர் எங்களோடு மண்டபத்துக்கு வந்துவிட்டார். மேடேறும்போது அந்த முழங்கால் வலிக்கவில்லை.

கிளம்புமுன் நான் என் புருஷனிடம் கெஞ்சினேன். “ஏனுங்க, நெல்லு போனாப் போவுதுங்க. நீங்களும் வந்துருங்க.”

அவர் நல்லவர். நல்லவர் என்றால் அப்பன் பேச்சைத் தட்டாதவர். அந்த நல்லதனத்தைக் குப்பையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். “நீ போ புள்ள. காத்து பலமானா நானும் வாரேன்” என்றார்.

காற்று பலமானது. நான் மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு வழியையே பார்த்து நின்றேன். மழையில் வழியே தெரியவில்லை. யாரையாவது அனுப்பிக் கூட்டி வரச் சொல்லுங்கள் என்று மாமனாரிடம் கேட்டேன். “அவனுக்கு வாரத் தெரியாதா? கம்முனு உக்காரு” என்றார்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். வீட்டின் பழைய சுவர்கள் அப்படியே நின்றன. மாமனார் வைத்த சுவர் மட்டும் விழுந்திருந்தது. அதில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார் என் புருஷன். குதிரும் உடைந்து நெல் முழுக்க அவர் மேல் சரிந்திருந்தது. அதை அள்ளி அள்ளி ஒதுக்கித்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

கருமாதிக்கு முன்னாலேயே அதே அதிகாரி வந்தார். நனைந்த நெல் அதற்குள் முளைவிட்டிருந்தது. நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். செத்தது யார் என்று கேட்பார் என்று நினைத்தேன். “இது யார் நெல்லு?” என்று கேட்டார்.

மாமனார் கையைக் கட்டிக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி. செத்துப்போன பையன் எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருந்திருக்கானுங்க.”

அதுவரை அந்த வீட்டில் ஆண்கள் பேசும்போது நான் வாய் திறந்ததில்லை. “நெல்லு இவிங்களுதுங்க” என்றேன். “சுவரு வச்சதும் இவிங்கதானுங்க. எம்பட புருசன் காவலுக்கு இருந்தாருங்க.”

“யாருதா இருந்தா என்னம்மா” என்று சொல்லிவிட்டு, நனையாத நெல்லை மட்டும் பிரித்து வண்டியில் ஏற்றச் சொன்னார் அதிகாரி. மண்ணும் முளையுமாகக் கிடந்ததை எங்களுக்கு விட்டுப்போனார். எங்களுக்குக் கிடைத்த நிவாரணம் அவ்வளவுதான்.

வண்டி தெருமுனை திரும்பியதும் மாமனார் நிமிர்ந்தார். “நான் அன்னிக்கே சொன்னனுங்கல்ல, நெல்லுக்குத்தான் வாராங்கன்னு.” கூட்டம் மறுபடியும் “ஆமாங்க, ஆமாங்க” என்றது. மகனைப் பறிகொடுத்தவர் முகமா அது? பந்தயத்தில் ஜெயித்தவர் முகம்.

மத்தியானம் இலை போட்டு உட்கார்ந்தார். பங்காளி வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. அதைப் பரிமாற வந்தவளை நிறுத்திவிட்டு நான் மூலையிலிருந்து எழுந்து போனேன். முளைத்த நெல்லை மண்ணோடு இரண்டு கையாலும் அள்ளி அவர் இலையில் வைத்தேன்.

“உங்க மகன் காப்பாத்துனதுங்க மாமா, தின்னுங்க” என்றேன்.