ஐஸ் பேக்டரி ஓடாத நாட்களில் செய்த பொடி

வெளியில் கலப்படம் செய்தால் பிடித்து உள்ளே போடுவார்கள்; எங்கள் துறையில் டாக்டர் பட்டம் தருவார்கள். துத்தநாக ஆக்சைடில் இம்மியளவு வெள்ளியைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக ஆக்குவதுதான் என் ஆராய்ச்சி. சாயம் கலந்த தண்ணீரில் அந்தப் பொடியைப் போட்டு வெயிலில் வைத்தால் நிறம் வெளுத்துவிடும். இதைச் செய்ய உலை, கிலை எதுவும் வேண்டாம். கரைசலை மைக்ரோவேவில் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும். ராயபுரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருந்ததோ, கேக் செய்ய வீட்டுக்கு வாங்குவார்களே, அந்தச் சாதாரண மைக்ரோவேவ்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை எட்டு முறை செய்தேன். எட்டும் அருமையாக வந்தன. நீலச் சாயம் முக்கால் மணி நேரத்தில் வெறும் தண்ணீராகிவிடும். என் வழிகாட்டிப் பேராசிரியை லேசில் மனம் குளிர்கிறவர் இல்லை. அவரே மகிழ்ந்துபோய்க் கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் கடைசியில் பிடித்தது சனி. அதே அளவு, அதே ஐந்து நிமிடம், அதே நான். பொடி என்று ஏதோ வந்தது, ஆனால் நீலம் நீலமாகவே நின்றது. ஆறு முறை முயன்றேன். தொலைந்ததைத் தேடித் தரும் புனிதருக்கு மெழுகுவர்த்திகூட ஏற்றிப் பார்த்தேன். பாவம், சாவி, மோதிரம் என்று தேடிப் பழகியவர். வேதியியலுக்கு எங்கே போவார்?

“உண்மையைச் சொல்லு,” என்றார் மேடம். “மே மாசம் காட்டின முடிவெல்லாம் நீயா உட்கார்ந்து எழுதினதா?”

“சத்தியமா இல்ல மேடம்.”

“அப்ப திங்கட்கிழமை என் கண் முன்னாடி செஞ்சு காட்டு. வரலைன்னா கட்டுரையைத் திரும்ப வாங்கிடுவேன். நீயும் வேற வழிகாட்டியைப் பார்த்துக்க.”

அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. பொய் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது, வீட்டில் தினமும் நாலு சொல்வேன். சொல்லாத பொய்க்குப் பேச்சு வாங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலை குறிப்பேட்டைப் புரட்டினேன். ஆய்வகத்தில் சாப்பிடக் கூடாது என்பதால் வராந்தாவில் உட்கார்ந்து, மடியில் குறிப்பேடு, அதன்மேல் டிபன் பாக்ஸ் என்று சாப்பிடுகிற ஆள் நான். நல்ல பொடி வந்த பக்கங்களில் எல்லாம் சாம்பார் கறை. உருப்படாத பக்கங்களில் மீன் குழம்பு. சட்டென்று பொறி தட்டியது. அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் நாள் தவறாமல் சாம்பார் என்றால் அது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை வரும் மீன்பிடித் தடைக்காலம். படகு போகாவிட்டால் ஐஸ் வேண்டாம். கல்லூரியின் பின்சுவரை ஒட்டிய ஐஸ் பேக்டரி சும்மா கிடக்கும். தடை முடிந்ததும் அது ஓயாமல் ஓடும், எங்கள் டியூப் லைட் மங்கும், மின்விசிறி சோம்பும். கரண்ட் குறைந்தால் மைக்ரோவேவ் மட்டும் எப்படி முழு மூச்சாக வேலை செய்யும்?

இதை அப்படியே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். மாட்டிக்கொண்ட நேரத்தில் ஐஸ் பேக்டரிமேல் பழி போட்டால் யார் நம்புவார்கள் என்று பயந்தேன். அதனால் மாமாவைப் பிடித்தேன். மாமா என் அம்மாவின் தம்பி, அந்த ஐஸ் பேக்டரியில் மோட்டார் பார்க்கிறவர்.

“பத்து நிமிஷம் மிஷினை நிறுத்து மாமா.”

“இன்னாமா, வெள்ளாட்றியா? ஓனரு பார்த்தா பேஜாராப் பூடும்.”

“என் படிப்பே போயிடும்.”

“சரி, அழுவாத. மிஸ்டு கால் குடு, நிறுத்தறேன். பத்து நிமிஷம்தான், ஆமா.”

திங்கட்கிழமை மேடம் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். துப்பட்டாவுக்குள் போனை வைத்து மாமாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். டியூப் லைட் பளிச்சென்றது. ஐந்து நிமிடம் ஓட்டி, கழுவி, உலர்த்தி, நீலத்தில் போட்டு வெயிலில் வைத்தோம். மதியம் ஒரு மணிக்குள் சுத்தமாக வெளுத்தது.

“இன்னொரு தடவை,” என்றார் மேடம். “இப்ப நானே வைக்கிறேன்.”

இன்னொரு மிஸ்டு கால். இரண்டாவது நிமிடத்தில் போன் அடித்தது. மாமாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

“உங்கப்பா வந்து நின்னுகினு கீறாரும்மா. போட்டு கடலுக்குக் கெளம்பணுமாம், ஐஸு ஒடைக்கணுமாம். எவன்டா மிஷின நிறுத்துனதுன்னு கத்திகினு கீறாரு. நான் மிஷின போட்டுர்றேன்.”

பின்னால் அப்பாவின் வசவு கேட்டது. அத்தனையும் பெற்ற மகளுக்குத்தான் என்று அவருக்குத் தெரியாது. லைட் மங்கியது. மேடம் லைட்டைப் பார்த்தார், மைக்ரோவேவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். சாம்பார் கறை உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்.

அவர் திட்டவில்லை. ஒரு பீக்கரில் தண்ணீர் பிடித்து ஒரு நிமிடம் ஓட்டி, வெப்பமானியை வைத்துக் குறித்துக்கொண்டார். அப்பா ஐஸ் ஏற்றிப் போன பிறகு மாமாவைக் கெஞ்சி மறுபடி நிறுத்தச் சொல்லி, அதே அளவு தண்ணீரை அதே ஒரு நிமிடம் சூடாக்கினார். முதல் தண்ணீரில் விரலை வைக்க முடிந்தது. இரண்டாவதில் முடியவில்லை.

“கட்டுரை இதழ்லயே இருக்கட்டும்,” என்றார். “வோல்டேஜைக் குறிச்சு, திரும்ப எல்லாத்தையும் செய். அதையும் சேர்த்து எழுது.”

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“மே மாசம் நீ என்னை ஏமாத்தல. இன்னைக்குத்தான் ஏமாத்தினே.”