பருத்தி வாங்க வந்த ஸ்தெபானோஸ்

எனக்குப் பத்து வயது முடிந்த கோடை விடுமுறையில் மூன்று நாட்கள் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். வேலை கொடுத்தது அம்மாவின் தம்பி. மாமா கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டினார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம், சுற்றுலாக்காரர்களை இறக்கிவிடும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலோடு முடிந்துவிடும். கிரேக்க நாட்டிலிருந்து வந்து அவர் காரை அமர்த்திய அம்மையாரோ அதற்கு மேலும் பேசினார். நான் இங்கிலீஷ் மீடியம் என்பதால் முன்சீட்டில் ஏற்றப்பட்டேன்.

அம்மையாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் நீளமான ஒரு தாளை விரித்து வைத்திருந்தார். அவர் குடும்பத்தின் நானூறு வருட வம்சாவளி அதில் இருந்தது. ஒவ்வொரு பெயராகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இவர் கப்பல் தலைவர், கடற்கொள்ளையரிடம் பிடிபட்டுத் தப்பியவர். இவர் துருக்கி சுல்தானுக்கு வைத்தியம் பார்த்தவர். இவர் தங்கள் தீவுக்கு முதல் அச்சு இயந்திரம் கொண்டுவந்தவர். இந்தப் பெண் கல்யாணமே வேண்டாமென்று இருந்து, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர். எல்லோருக்கும் ஊரில் ஒரு சிலையோ, தெருவோ, குறைந்தது வீட்டுச் சுவரில் ஒரு படமோ இருந்தது.

நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்த மாமா, "நம்ம குடும்பத்துல அப்படி யாருட்டி இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

தாளின் ஓரத்தில் ஸ்தெபானோஸ் என்று ஒரு பெயர். அவருக்கு மட்டும் படம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் பருத்தி வாங்கும் வேலைக்கு இருபத்துமூன்று வயதில் இந்தப் பக்கம் வந்து, காய்ச்சலில் இறந்துபோனவர். வீட்டுக்கு அவர் எழுதியது ஒரே ஒரு கடிதம். இங்கே மண் கறுப்பு, மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது, நான் இருக்கும் ஊரின் பெயரை எழுதி முடிக்க அரை வரி ஆகிறது என்று அதில் இருந்ததாம். ஊர்ப் பெயர் இருந்த இடத்தில்தான் மை கரைந்திருந்தது. அவரைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அம்மையார்.

"எப்போதும்வென்றான்! வேற எந்த ஊரா இருக்கும்?" என்று மாமா ஸ்டியரிங்கைத் தட்டினார்.

ஊர்ப் பெயரின் அர்த்தத்தை அம்மையாருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர்கள் வீட்டில் எதிலுமே ஜெயிக்காத ஒரே ஆள் ஸ்தெபானோஸ்தானாம்.

எப்போதும்வென்றானில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. குளத்தூர் வரை போனோம். பழைய கல்லறைகளில் வேறு வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள், இவர் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மையாருக்கு ரயில். மத்தியானமே தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

"பாவம்ட்டி, இம்புட்டுத் தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறாவ" என்றார் மாமா. மாமாவின் இரக்கம் ஒரு பொய்யில் போய்த்தான் நிற்கும். கார் ஓர் உடைமரத்தடியில் நின்றது. அங்கே நட்டுவைத்த இரண்டு கல்லின் மேல் குறுக்காக ஒரு கல் கிடந்தது. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் இறக்கிவைத்து இளைப்பாறுகிற சுமைதாங்கிக்கல்.

"அவிய ஆளுக்கு ஊர்க்காரங்க வச்ச கல்லுன்னு சொல்லு."

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லுட்டி. புண்ணியமாப் போகும்."

சொன்னேன். அம்மையார் இறங்கிப் போய்க் கல்லின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். உச்சி வெயிலில் அது எப்படிச் சுட்டிருக்கும்! கையை எடுக்கவில்லை. சத்தமில்லாமல் அழுதார்.

பக்கத்துக் கரிசலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தாள். "என்ன அண்ணாச்சி, இவிய எதுக்கு அழுதாவ? இது எங்க வீட்டுக் கல்லுல்லா. எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த ஒருத்தி வயித்துப் புள்ளையோட செத்துப்போனா. அவ சுமை இறங்கட்டும்னு வச்ச கல்லு" என்றாள். பேசும்போதே ஒரு கை தன் வயிற்றுக்குப் போனது.

என்ன சொல்கிறாள் என்று அம்மையார் என்னைக் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததே இல்லை.

"இந்தக் கல்லை இந்த அக்கா வீட்டார்தான் பார்த்துக்கொள்கிறார்களாம்" என்றேன்.

அம்மையார் அந்தப் பெண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஆளுகளே அவளுக்கு அழுது எத்தனை காலமாச்சு" என்று சொல்லி ஆட்டுக்காரப் பெண்ணும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆளுக்கொரு சாவுக்காக அழுகிறார்கள், இது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோவில்பட்டிக்குள் நுழைந்ததும் எனக்குக் கடலைமிட்டாய் வாங்க மாமா காரை நிறுத்தி இறங்கினார். அவர் கடைக்குள் போனதும் பின்சீட்டிலிருந்து அம்மையார், ஆட்டுக்காரப் பெண் செய்ததுபோலவே தன் வயிற்றில் கையை வைத்துக்காட்டி மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் குழந்தையும் தாயோடு போய்விட்டதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மொழிபெயர்க்காத விஷயம் அது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்" என்றேன்.

"அவள் பெயர் என்ன?"

"அந்த அக்கா சொல்லவில்லை."

அவர் தாளை விரித்து, ஸ்தெபானோஸின் பெயருக்குப் பக்கத்தில் கிரேக்க எழுத்தில் நாலைந்து சொற்கள் எழுதினார். 'இவனுக்குத் துணையாக ஒரு தாயும் பிள்ளையும்' என்று அதற்கு அர்த்தம் சொன்னார். மாமாவிடம் இதைச் சொல்லாதே, அவர் நல்ல மனிதர் என்றார்.

ரயில் நிலையத்தில் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, தமிழில் "நன்றி" என்று சொல்லிச் சிரித்தார். பிளாட்பாரத்தில் மிட்டாயைக் கடித்தபடி நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேடிவந்த ஆள் கிடைக்கவில்லை, ஏமாற்றியதும் தெரிந்துவிட்டது, பிறகும் இந்த அம்மாளுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை.