டிப்போவில் அவர் பெயர் காது

பஸ் டிப்போவில் அப்பாவுக்குப் பட்டப்பெயர் 'காது'. விடியற்காலையில் இரும்புக் கம்பியோடு போய் ஒவ்வொரு டயராகத் தட்டுவார். சத்தத்தை வைத்தே எதில் காற்று குறைவு என்று சொல்லிவிடுவார். அதே காதுக்கு வீட்டில் குக்கர் விசில் ஆகாது. விசில் வந்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்.

"டிப்போ பஸ்ஸெல்லாம் உங்கப்பாவுக்கு அடங்குது, இந்தக் குக்கர்தான் அடங்க மாட்டேங்குது" என்று அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அப்பா என்னை ஒருநாளும் தூக்கிக் கொஞ்சியதில்லை, முகம் பார்த்துப் பேசியதில்லை. மனிதர் கல்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அம்மா இறந்த அன்று, உடல் கூடத்தில் கிடக்க, அப்பா யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாமா வாசலில் மறித்தார்.

"கூடப்பொறந்தவளைப் பறிகொடுத்துட்டு நிக்கறேன். நீங்க வேலைக்குப் போறீங்களா மச்சான்? மனுஷன்தானா நீங்க?"

"நாப்பத்திரண்டு பஸ் இருக்கு" என்றார் அப்பா, தன் செருப்பைப் பார்த்தபடி. போயே போய்விட்டார்.

அன்றோடு அவரைத் தலைமுழுகினேன். பதினோரு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் செத்தபோதும் அழவில்லை.

போன மாதம் என் ஏழு வயது மகளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். காதைப் பொத்திக்கொள்வாள், தொட்டால் உதறுவாள், பழகிய வழியில் போகாவிட்டால் நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுவாள். ஆட்டிசம் என்றார் டாக்டரம்மா.

"எல்லாருக்கும் ஒரே அச்சுல இருக்காதும்மா. ஒருத்தருக்குச் சத்தம் தாங்காது, இன்னொருத்தருக்கு வழக்கம் மாறினா தாங்காது. கொஞ்சமாவும் இருக்கும், நிறையவும் இருக்கும். உங்க குடும்பத்துல யாராவது இப்படி உண்டா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் என் கோபமாவது எனக்கு மிஞ்சும்.

"எங்கப்பா" என்றேன். "அம்மா செத்த அன்னிக்கு வேலைக்குப் போனவர். இவங்களுக்கெல்லாம் துக்கமே இருக்காதா டாக்டர்?"

"இருக்கும்மா. தாங்க முடியாதப்போ, தினமும் செய்யறது எதையாவது கெட்டியா பிடிச்சுக்குவாங்க."

அன்று போன தூக்கம் இன்னும் வரவில்லை. அந்தப் பதினோரு வருஷமும் ஞாயிறு தவறாமல், மாலை நாலு மணிக்கு அப்பா போன் செய்தார். குரல் கேட்டதும் வைத்துவிடுவேன். திரும்ப அழைக்க மாட்டார். அடுத்த ஞாயிறு, அதே நாலு மணிக்கு மறுபடி மணி அடிக்கும். வீம்புக்குச் செய்கிறார் என்று கணவரிடம் பொரிந்து தள்ளுவேன்.

அவர் இறந்த ஞாயிறன்று நாலரை ஆகியும் மணி அடிக்கவில்லை. எனக்கு இன்னும் சேதி வந்திருக்கவில்லை.

"அப்பாடா, ஒருவழியா மனுஷனுக்குப் புத்தி வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக டீ போட்டுக் குடித்தேன்.